ஆறாத புண்: மாட்டுங்காவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் மதினியின் மார்பில் ஆறாமல் இருக்கும் புண்ணைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும், அக்காவுக்கு இங்கே மும்பையில், பரேலில் நடந்த அறுவை சிகிச்சையை விவரமாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்கா கதிர்வீச்சு எடுத்துக்கொண்டது 2006-இல். சென்ற ஆண்டு அதே இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு வந்த புண், அடியில் விலா எலும்பு வெளிறித் தெரியுமளவுக்கு ஆழமாகிவிட்டது. நோயை அழிக்கும் கதிர்வீச்சு அந்தப் பகுதியின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் மெல்ல அடைத்துவிடுவதால், தோல் இறுகி, எலும்பு உயிரற்றுப் போவது பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். அங்கே களிம்பு தடவுவதும் தொடைத்தோலை எடுத்து ஒட்டுவதும் வாய்க்கால் தூர்ந்த வயலில் நாற்று நடுவதுதான். களிம்பிலேயே கழிந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

முதலில் புண்ணின் ஓரத்திலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். பழைய நோய் திரும்பியிருக்கலாம், கதிர்வீச்சினாலேயே புதிய புற்று உண்டாகியிருக்கவும் கூடும். இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகு, கெட்டுப்போன தோலையும் சதையையும் இரண்டு விலா எலும்புகளின் பகுதிகளையும், நல்ல ரத்தம் கசியும் இடம் வரும்வரை வெட்டியெடுத்தார்கள். பிறகு, முதுகின் அகன்ற தசையை அதன் மேல்தோலோடும் ரத்தக் குழாயோடும் அக்குள் வழியாக முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்து மூடினார்கள். இத்தாலிய மருத்துவர் தான்சினி 1906-இல் விவரித்த முறை இது. அக்குளில் முன்பு செய்த அறுவையில் அந்தக் குழாய் பழுதாகியிருக்கக் கூடும் என்பதால், ரத்தக் குழாய்களைப் படமெடுத்துக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ பார்த்த பின்னரே முடிவெடுத்தார்கள். பழுதாகியிருந்தால், வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையை மேலே கொண்டுவரும் வழியும் உண்டு. எலும்பு எடுத்த இடத்தில் செயற்கை வலை வைக்கவில்லை. சீழ் பிடித்த இடத்தில் அது தொற்றுக்கு இடம் கொடுக்கும். கதிர்வீச்சு பட்ட மார்புச் சுவர் ஏற்கெனவே இறுகியிருப்பதால், சிறிய இடைவெளியால் மூச்சுக்கும் பெரிய பாதகமில்லை.

முதல் சில இரவுகள் செவிலியர் மணிக்கொரு தரம் வந்து, புதிய தோலை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு விரைவாக மறுபடி சிவக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். முதுகில் நீர் கோத்துக்கொண்டதை ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது. பிசியோதெரபிக்குப் பிறகு இப்போது அக்காவே தலை பின்னிக்கொள்கிறார்.

மதினிக்குச் சதைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்ற பழைய குறிப்பையும் அறுவை அறிக்கையையும் உடனே அனுப்பு. அக்காவின் மருத்துவரிடம் நானே காட்டுகிறேன். அண்ணனும் மதினியும் வருவதானால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும்.

அன்புடன்,
கணேசன்