லைனரும் இன்சேர்ட்டும் முட்டுற இடம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின ஆறு போட்டோவையும் நேற்று ராத்திரி அம்மா படுத்தாப்பிறகும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு இருந்தனான். வீடு நல்ல வடிவு பிள்ளை. கனடாவிலை பெம்ப்ரோக் குளிருக்கு அப்பிடி ஒரு செங்கல் வீடும் ஹோலுக்கை ஃபயர்பிளேஸும் கிடைச்சது நல்லதுதான். ஃபோனிலை கதைக்கேக்கை நான் ஒண்டு சொல்ல நீ வேறை ஒண்டு கேக்க இடையிலை பேரன் அழ எல்லாம் குழம்பிப் போகுது, அதுதான் அந்த ஃபயர்பிளேஸ் அடுப்பையும் அதின்ரை புகைவழியையும் பற்றி ஆறுதலாய் எழுதுறன், மருமகனுக்கும் வாசிச்சுக் காட்டு.

நாலாவது போட்டோவை எடுத்துப் பார். இன்சேர்ட் எண்டது ஃபயர்பிளேஸுக்குள்ளை செருகி வைக்கிற விறகடுப்பு, அதின்ரை தலையிலை ஒரு வட்டக் கொலர், அதாவது குழாய் மாட்டுற வளையம் இருக்கு, அதுக்கு மேலை ஒண்டுமே இல்லை. அந்த அடுப்பை ஃபயர்பிளேஸ் ஓட்டைக்குள்ளை தள்ளி வைச்சுப்போட்டு, புகை தானாய் வழி தேடிப் போகும் எண்டு விட்டிருக்கினம். முந்தி கனபேர் அப்பிடித்தான் பூட்டினவை. நாங்கள் 2001 இலை வாங்கின முதல் வீட்டிலையும் அதே வேலைதான் செய்து கிடந்தது, உனக்கு அப்ப 6 வயசு, ஞாபகம் இருக்குமோ தெரியாது, ஒவ்வொரு குளிர்காலமும் அம்மா இருமிக்கொண்டே இருப்பா, ஹோலிலை எப்பவும் ஒரு தார் மணம். நான் ஸ்காபரோவிலை டக்ட், அதாவது காத்துப்போற தகட்டுக்குழாய், அடிக்கிற கடையிலை தகட்டோடை நாள் முழுக்க நிண்டுபோட்டு வாறனான், ஆனா என்ரை சொந்த வீட்டிலை அந்த அடுப்புக்குப் பின்னாலை என்ன இருக்கு எண்டு ரெண்டு வருசமாய்ப் பாக்கேல்லை. கடைசியிலை ரெண்டு கூட்டாளியளைக் கூப்பிட்டு வெளியிலை இழுத்துப் பாத்தா, சிம்னி வாயைத் திறந்து மூடுற டம்பர் தட்டு முழுக்கக் கறுப்பாய், கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு தார் படிஞ்சிருக்கு. அதுதான் கிரியோசோட். அது பத்தினா சிம்னிக்குள்ளை 1000 டிகிரி செல்சியஸுக்கு மேலை போகும், உள்ளுக்கை இருக்கிற சுட்டமண் ஓட்டுக்குழாய் வெடிக்கும், பிறகு பக்கத்து மரச்சட்டத்துக்குப் பாயும். அண்டைக்கு நான் அந்த நிலத்திலையே இருந்துட்டன். நீங்கள் ரெண்டு பிள்ளையளும் மேல் அறையிலை, அந்தச் சிம்னிச் சுவரோடைதானே படுத்தனீங்கள்.

ஏன் அப்பிடிப் படியுது எண்டு விளங்கினா மிச்ச எல்லாம் விளங்கும். பழைய சிம்னியின்ரை உள்வழி, 12க்கு 12 அங்குல ஓட்டுக்குழாய் எண்டா, சுவர்த் தடிப்புப் போக உள்ளுக்கை கிட்டத்தட்ட 100 சதுர அங்குலம். உன்ரை இன்சேர்ட்டின்ரை கொலர் 6 அங்குல வட்டம், அது 28 சதுர அங்குலம்தான். சின்ன வாயாலை வந்த சூட்டுப்புகை பெரிய குளிர்ந்த குகைக்குள்ளை போனவுடனை வேகம் குறைஞ்சு ஆறிப்போகும், 120 டிகிரிக்குக் கீழை இறங்கினா அதிலை இருக்கிற தண்ணியும் தாரும் சுவரிலை ஒட்டும். இழுவையும் குறையும், கதவைத் திறந்தா புகை முகத்துக்கு வரும். ஊரிலை அம்மம்மான்ரை குசினியிலை புகைக்கூடு இருந்தது, தென்னம்மட்டையும் பாளையும் வைச்சு எரிக்க, கூட்டாலை போகாத புகை ஓட்டுக்குள்ளாலையும் யன்னலாலையும் போயிடும். இங்கை குளிர் வராமல் வீட்டைச் சுத்தி அடைச்சு வைச்சிருக்கிறம், புகைக்கு வேறை வழி இல்லை. அதாலைதான் அடுப்பு வாயிலை இருந்து சிம்னி உச்சி வரைக்கும் ஒரே அளவிலை ஒரு குழாய் வேணும். அதுதான் லைனர்.

லைனர் வாங்கேக்கை 316 கிரேட் ஸ்டெயின்லெஸ் கேள், யூஎல்சி எஸ்635 எண்ட கனடாத் தர முத்திரை இருக்கோ பார். அலுமினியம் மலிவாய்க் கிடைக்கும், அது கேஸ் அடுப்புக்கு மட்டும், விறகுக்குக் கிட்டவும் கொண்டு வராதை. அரை அங்குல இன்சுலேசன் போர்வை சுத்தித்தான் இறக்கவேணும், சிம்னி வெளிச்சுவரிலை இருக்கிறபடியாலை உனக்கு அது கட்டாயம். முதல்லை சிம்னியை நல்லாய்த் தேய்ச்சுத் துப்புரவாக்கோணும், பழைய கிரியோசோட்டுக்கு மேலை லைனர் இறக்கிறது வேலையே இல்லை. டம்பர் தகட்டைக் கழட்டி எறியவேணும், வாய் ஒடுக்கமாய் இருந்தா அதின்ரை சட்டத்திலை கிறைண்டராலை கொஞ்சம் வெட்டலாம், ஆனா செங்கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கிற லிண்டல் இரும்பிலை ஒரு கீறலும் விழக்கூடாது, அதை வேலைக்கு வாற ஆக்களுக்கு நீயே வாயாலை சொல்லு. குழாயிலை அம்புக்குறி போட்டிருந்தா, அது எந்தப் பக்கம் பாக்கவேணும் எண்டு குழாயோடை வாற குறிப்பிலை பாத்துத்தான் இறக்கவேணும். குழாயின்ரை முழுப் பாரமும் சிம்னி உச்சியை மூடுற மேல்தட்டிலை தொங்கவேணும், அடுப்பிலை குந்தக்கூடாது.

இப்ப நான் இவ்வளவும் எழுதினதுக்கே காரணமான இடம். குழாய் கீழை வந்து இன்சேர்ட்டோடை முட்டுற மூட்டு. அதுக்கெண்டு ரெண்டையும் இணைக்கிற ஸ்டெயின்லெஸ் அடப்டர் இருக்கு. அதின்ரை கீழ்நுனி கொலருக்கு *உள்ளுக்கை* இறங்கவேணும், வெளியிலை மூடி நிக்கக்கூடாது. மேலை இருந்து தார் வழிஞ்சா அப்பத்தான் அது அடுப்புக்குள்ளையே விழுந்து எரியும், மற்றமாதிரிப் பூட்டினா மூட்டாலை வெளியிலை வழிஞ்சு அடுப்பின்ரை முதுகிலை இறங்கும். பிறகு மூண்டு ஸ்குறூ, சுத்திவர ஒரே இடைவெளியிலை, ஸ்டெயின்லெஸ் ஸ்குறூவாய் இருக்கவேணும், சாதாரண நாகம் பூசினது சூட்டிலை அரிச்சுப்போடும். கை நுழைய இடம் இல்லை எண்டு ரெண்டோடை விடுவினம், இல்லாட்டி சும்மா சொருகிப்போட்டு "பாரத்திலையே நிக்கும்" எண்டு சொல்லுவினம். நிக்காது பிள்ளை. இரும்பு சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும், ஒவ்வொரு நாளும் அதே வேலை, ஒரு நாள் அரை அங்குலம் கழண்டு நிக்கும், ஃபயர்பிளேஸ் வாயை மூடுற முன்தகடு பூட்டினாப்பிறகு அது ஒருத்தருக்கும் தெரியாது. அதாலை முன்தகடு பூட்ட முதல் நீ டோர்ச் அடிச்சு உன்ரை கண்ணாலை பார், மூண்டு தலையையும் எண்ணு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

பேமிட், அதாவது வேலைக்கான அனுமதி, எடுக்காமல் தொடங்காதையுங்கோ. வேலை முடிய, விறகடுப்பு வேலைக்கான வெட் (WETT) சான்றிதழ் இருக்கிற இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு, இன்சூரன்ஸ்காரர் அந்தப் பேப்பரைக் கேப்பினம், அது வராமல் நெருப்பு மூட்டாதை. படுக்கை அறைக்குப் பக்கத்திலை கார்பன் மொனொக்சைட் எண்ட மணமில்லாத நச்சு வாயுவுக்கான அலாரமும் வேணும், ஒன்ராறியோவிலை அது சட்டம். 2008 டிசம்பரிலை வூட்ஸ்டொக்கிலை ஒரு பொலிஸ் அம்மாவும் கணவரும் ரெண்டு பிள்ளையளும் அந்த வாயுவாலை செத்துப் போச்சினம், ஃபயர்பிளேஸின்ரை புகைவழி அடைபட்டிருந்தது, அலாரம் இல்லை. அவையின்ரை சொந்தக்காரர் நிண்டு பிடிச்சுத்தான் 2013 இலை அந்தச் சட்டம் வந்தது. அப்ப உன்ரை வயசை ஒத்த பிள்ளையள்.

இதெல்லாம் வாசிச்சிட்டு அப்பா அடுப்பே வேண்டாம் எண்டு சொல்லுறார் எண்டு நினைக்காதை. 1998 ஜனவரி ஐஸ் மழைக்கு நாங்கள் மொன்றியலிலை இருந்தனாங்கள், உனக்கு 3 வயசு, கரண்ட் போய் வீடு ஐஸ்பெட்டி. தென்கரையிலை ஒரு கூட்டாளி வீட்டிலை விறகடுப்பு இருந்தது, மூண்டு குடும்பம் 9 நாள் அந்த ஒரு அடுப்பைச் சுத்திப் படுத்து எழும்பினனாங்கள், உனக்குப் பால் அதிலைதான் காய்ச்சினது. அதாலைதான் அந்த அடுப்பு உன்ரை வீட்டிலை ஒழுங்காய் எரியவேணும் எண்டு எனக்கு ஆசை. விறகு மட்டும் நல்லாய்க் காஞ்சிருக்கவேணும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழை, அதை அளக்கிற சின்ன மீட்டர் ஹாட்வெயர் கடையிலை இருக்கு.

என்ரை முழங்காலாலை கூரைக்கு ஏறேலாது, ஆனா தகடு வெட்டேலும். டம்பர் இருந்த வாயை லைனரைச் சுத்தி மூடவேணும், இல்லாட்டி சூடு முழுக்க மேலை போயிடும். அந்தத் தகட்டை நான் அடிச்சுத் தாறன். வாயின்ரை நீளம், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும், அகலம் இடமும் வலமும், எல்லாத்தையும் தனித்தனியாய் அள, பழைய கட்டிடம் ஒருக்காலும் சரி சதுரமாய் இராது. குழாயின்ரை நடுப்புள்ளி பின்சுவரிலை இருந்து எவ்வளவு எண்டதையும் எழுது. மேலை வைக்க றொக்வூல், அதாவது கல்லுப் பஞ்சு, ஒரு கட்டு வாங்கி வை, கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், அதிலை இருக்கிற பசை எரியும். சனிக்கிழமைக்கு முதல் அளவு வந்தா ஞாயிறு அடிச்சு முடிச்சிடுவன், தம்பி அடுத்த கிழமை உங்கடை பக்கம் வாறானாம், காரிலை தந்துவிடுறன். அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கட்டி வைச்சிருக்கிறா, அதுவும் அதோடை வரும்.

அன்புடன்,
அப்பா