மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தீர்கள், பணம் வரும் தேதியையும் சொல்லுங்கள்

கோவையில் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு ஆர்டர் தரும் பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு, கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, உங்களில் ஒரு நிறுவனம் சப்ளையர்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தியது. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பேச்சு. வந்திருந்த ஆலோசகர் நன்றாகவே பேசினார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், நான்கு எண்ணும் வரை நிறுத்துங்கள் என்றார். அரங்கம் நிறையப் பட்டறைக்காரர்கள், கையில் எண்ணெய்க் கறை போகாதவர்கள், எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். கண்ணை மூடியதும் எனக்குத் தெரிந்தது ஒரு பில். ஜூலை 4-ஆம் தேதி அதே நிறுவனத்துக்கு நான் அனுப்பிய மோட்டார் ஷாஃப்ட்டுகளின் பில். வரியோடு சேர்த்து 2,83,200 ரூபாய். கூட்டம் நடந்தது அந்தப் பில்லுக்கு 98-ஆவது நாள்.

முடிந்ததும் டீ கொடுத்தார்கள். கணக்குப் பிரிவு மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார். மெதுவாகத்தான் கேட்டேன். "இன்னைக்கு அந்தப் பேச்செல்லாம் எதுக்குங்க, ரிலாக்ஸா இருங்க" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்தான் என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சரக்கு வாங்கிய 45 நாளில் பணத்தைக் கொடுங்கள். கொடுக்க முடியாத நிலை வந்தால், எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இதற்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். சனிக்கிழமை எங்கள் பட்டறைக்கு வந்து பார்த்தால் தெரியும்.

எங்கள் பக்கம் வாரச் சம்பளம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள், சனிக்கிழமை சாயங்காலம் கிட்டத்தட்ட 30,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். வியாழக்கிழமையே உங்கள் ஆபீசுக்குப் போன் போட ஆரம்பிப்பேன். "சாரு லீவுங்க." "லிஸ்ட் போயிருச்சு, சைன் ஆகலைங்க." "இந்த வாரம் லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே, அடுத்த வாரம் பாருங்க." வெள்ளிக்கிழமை மறுபடியும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் பேங்க் மெசேஜ் வரும் சத்தத்துக்குக் காது நீண்டுகொண்டே இருக்கும். ஐந்து மணிக்கு மேல் வராது என்று தெரிந்துவிட்டால் கைமாத்துக்குக் கிளம்ப வேண்டும். பக்கத்துப் பட்டறை, ராடு கடைக்காரர், மச்சினன் என்று வாரம் ஒருவரிடம். எல்லோரும் முடியாது என்று சொன்ன வாரங்களும் உண்டு.

அப்படியொரு சனிக்கிழமை, ஆகஸ்டில், எங்கள் மூத்த லேத்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். பட்டறை போட்ட நாளிலிருந்து என்னோடு இருப்பவர், என்னைவிட வயதில் பெரியவர். "எனக்குத் திங்கக்கெழம குடுங்க மொதலாளி, ஒண்ணும் அவசரமில்லீங்க. பசங்களுக்கு மட்டும் குடுத்து அனுப்புங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மாதம் அவர் பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

அன்று இரவு பத்தரை மணிக்கு நெஞ்சை அடைத்தது. இடது கை மரத்தது, சட்டை நனைந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவும் பக்கத்து வீட்டுத் தம்பியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றத்தில் வருவது என்றார் டாக்டர். ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டேன். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

போவதற்கு மூன்று வாரம் ஆனது. ஏன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு எழுதிக் கொடுக்கலாம். எங்கள் தொழில் முகத்தை வைத்து நடப்பது. ராடு கடைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் சரக்கைக் கடனாக இறக்குகிறார். 'அவர் மனநல டாக்டர்கிட்ட போறாராம்' என்று ஒரு பேச்சு வட்டாரத்தில் கிளம்பினால், மறுநாளே 'ரொக்கமா குடுத்து எடுத்துக்கங்க' என்பார்கள். அதனால் நெஞ்சுவலி என்று சொல்லலாம், தூக்கம் இல்லை என்று சொல்லக்கூடாது. அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே டெலிவரி கொடுக்க வேண்டும்.

அந்த மனநல மருத்துவர் சொன்னதையெல்லாம் செய்கிறேன். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் தொழில் போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைச் சாவியைத் தொடுவதில்லை. வீட்டுக் கணக்கையும் பட்டறைக் கணக்கையும் தனித்தனி வங்கிக் கணக்காகப் பிரித்துவிட்டேன். பயன் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. திங்கள் முதல் புதன் வரை நான் நன்றாகவே இருக்கிறேன். வியாழக்கிழமை வந்ததும் மறுபடியும் வயிற்றைப் பிசைகிறது. இதற்கு மாத்திரை மருத்துவரிடம் இல்லை, உங்கள் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

தாமதத்தைக்கூடப் பொறுக்கலாம். எப்போது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளை அரிக்கிறது. ஒரு தேதியைச் சொன்னால், இன்னொருவரிடம் அந்தத் தேதியைச் சொல்லிக் கைமாத்து வாங்குவேன், ஆட்களிடம் நேராகச் சொல்வேன், இரவு படுத்துத் தூங்குவேன். 'பாக்கலாங்க' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டம் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2009-இல் பட்டறை போட்டேன், இன்று வரை அந்த வட்டியில் ஒரு ரூபாய்கூட நான் கண்டதில்லை, கேட்டதும் இல்லை. சரக்கில் குறை இருந்தால் வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எனக்கோ 80-ஆவது நாளில் போன் போட்டுக் கேட்டபோதுதான் 'அதுல கொஞ்சம் ரிஜெக்‌ஷன் இருக்குங்க, ஜிஆர்என் இன்னும் போடலை' என்று முதன்முதலாகச் சொன்னார்கள். ஜிஆர்என் என்றால் சரக்கு வந்து சேர்ந்ததற்கு நீங்கள் போடும் ரசீது. அதே ஷாஃப்ட்டைப் போட்டு மோட்டார் ஓடி, விற்று, எந்தத் தோட்டத்துக் கிணற்றிலோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.

உங்களால் முடியாது என்றும் நான் நம்பவில்லை. சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்ததே, அந்த முதல் மார்ச்சில், 2024-இல், எங்கள் சந்தில் பழைய பில்லுக்கெல்லாம் பணம் வந்தது. ஒரே வாரத்தில் வந்தது. சைன் பண்ண வேண்டிய சார் யாரும் அந்த வாரம் லீவில் இல்லை. வரி கூடும் என்றால் மார்ச்சில் முடிகிறது, மனிதர்களுக்காக ஜூலையில் முடியவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அதன் பிறகு எங்களில் சிலரிடம், சிறுதொழில் என்பதற்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்று வாய் வார்த்தையாகச் சொன்னவர்களும் உங்களில் இருக்கிறார்கள்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். இணையத்தில் புகார் பதிய அரசுத் தளம் இருக்கிறது, பாக்கித் தகராறைத் தீர்க்கக் கோவையிலேயே வசதியாக்கக் குழு இருக்கிறது, 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. புகார் கொடுத்த மறுநாள் எனக்கு ஆர்டர் இருக்குமா? என் உற்பத்தியில் பாதிக்கு மேல் வாங்குகிற ஒரே பார்ட்டி மீது நான் எப்படி மனுப் போடுவேன்? இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் குழுவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எல்லாக் கெடுவும் எங்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் சில நாட்களாக என்னை விடுவதே இல்லை. ஜூலை பில்லுக்கு நீங்கள் ஒரு பைசா தராதபோதே ஆகஸ்ட் 20-இல் அந்தப் பில்லுக்கான ஜிஎஸ்டியை நான் கட்டிவிட்டேன், கட்டாவிட்டால் 18 சதவீத வட்டி. மெஷின் லோன் தவணை ஐந்தாம் தேதி. கணக்கில் பணம் இல்லையென்றால் திரும்பியதற்கு அபராதம், சிபில் மதிப்பெண்ணில் அடி. நீங்கள் 98 நாள் தராமல் இருக்கலாம். நான் 90 நாள் தவணை கட்டாவிட்டால் அது வாராக்கடன். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்வாரியத்துக்கு நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். மேடைக்கு மேடை சிறுதொழில்தான் நாட்டின் முதுகெலும்பு என்கிறார்கள். அந்த முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் தொழில், வியாபாரம் செய்வோர் என்று தனியாக ஒரு வரி உண்டு. 2020-இல் இந்த நாட்டில் அந்த வரியில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,716 பேர். 2021-இல் 12,055 பேர். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது, எல்லாம் பில் பாக்கியால் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த எண்ணைப் படித்த அன்று, அதில் எத்தனை பேர் சனிக்கிழமை சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதைப் படிக்கிற சக பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வாரம் நான் காத்திருந்தது தப்பு. டாக்டரிடம் போவதை வெளியே சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அதுவும் முடியாத இரவில் 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மடல் எங்கெங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். மறுபடியும் என் கோரிக்கைக்கே வருகிறேன்.

சரக்கு உள்ளே வந்த நாளே ஜிஆர்என் போடுங்கள். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுதிச் சொல்லுங்கள், திரும்ப எடுத்துச் சரிசெய்து தருவது எங்கள் கடமை. 45 நாளில் பணம் கொடுங்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ளவர்கள், பில்லைக் காட்டி வங்கியிடம் முன்கூட்டியே பணம் வாங்க உதவும் ட்ரெட்ஸ் இணையத் தளத்தில் பதிந்தாக வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. பதிந்தால் மட்டும் போதாது, அங்கே நாங்கள் ஏற்றும் பில்லை ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் பணம் வரும் வரை வங்கியிடமாவது வாங்கிக்கொள்வோம். இவற்றில் எதுவுமே ஆகாத மாதத்தில், தேதியைப் போட்டு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். போன் போடும் பட்டறைக்காரருக்குப் பதில் சொல்ல ஒரு ஆளை வையுங்கள், அந்த ஆளுக்கு உண்மையைச் சொல்லும் உரிமையைக் கொடுங்கள். பாவம், எங்களிடம் தினமும் பொய் சொல்ல வைக்கப்படுகிற அந்தக் கணக்குப் பிரிவுப் பிள்ளைகளும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டும் அக்டோபர் 10-இல் கூட்டம் வையுங்கள், கட்டாயம் வருகிறேன். ஆலோசகரையும் கூப்பிடுங்கள், அவர் சொல்லிக்கொடுத்ததை நான் தினமும் காலையில் செய்கிறேன். கூட்டத்துக்கு முன்பு பாக்கியை மட்டும் முடித்துவிடுங்கள்.

45 நாளுக்கு மேல் யார் யாருக்குப் பாக்கி, என்ன காரணம் என்று கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்எஸ்எம்இ-1 படிவத்தில் நீங்கள் அக்டோபர் 31-க்குள் எழுதித் தர வேண்டும். அந்தப் பட்டியலில் என் பட்டறையின் பெயருக்கு நேராகக் காரணம் என்று ஒன்றை எழுதுவீர்கள் அல்லவா? அதே காரணத்தை எனக்கும் எழுதி அனுப்புங்கள். கூடவே ஒரு தேதியையும் போட்டு, தயவுசெய்து சனிக்கிழமைக்கு முன்பு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்,
ஆவாரம்பாளையம், கோவை.