புள்ளி 0.5

காரைக்குடி
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

தம்பி,

நம் பங்காளிகளின் புள்ளி நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நீ எழுதிய ஜேசன் ஸ்கீமாவை, அதாவது ஒவ்வொரு விவரமும் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் விதிக் கோப்பைப் பற்றிப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நீ பாதி கேட்டுவிட்டு, "சரி ஆத்தா, அந்த ரூலை எடுத்துவிடுகிறேன்" என்பாய், எடுத்தும் விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எடுக்காதே.

போன வாரம் மேல வீட்டு ஆச்சி நம் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்தார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வரித்தாள் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது, தனக்கு மட்டும் வரவில்லை, என்னைக் கணக்கில் சேர்க்கவில்லையா என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகக் கேட்டார்கள். அவர்கள் வீட்டு அண்ணன் இறந்ததிலிருந்து, வரிக்கு ஆள் கணக்காக நாம் வைக்கும் புள்ளியில், நம் நோட்டில் அவர்கள் அரைப் புள்ளி. அதை ஒரு வருஷமும் கட்டாமல் விட்டதில்லை. உன் நிரல் அச்சடித்த பட்டியலைப் புரட்டினேன், அவர்கள் பேரே இல்லை.

எப்படி நடந்தது என்று இரண்டு நாள் தேடினேன். நீ முதலில் எழுதிய ஸ்கீமாவில் புள்ளிக்கு டைப் இன்டிஜர், அதாவது முழு எண், என்று போட்டிருந்தாய். முதல் நோட்டை ஏற்றும்போது 0.5 எல்லாம் பிழை என்று வந்தது. நான் சொன்னேன், நீ அந்த டைப் வரியையே எடுத்துவிட்டாய். பிழை நின்றது, நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன், அது என் தப்பும்தான். இரண்டாவது நோட்டை அடித்த பெண் நோட்டில் இருந்தபடியே "அரை" என்று எழுத்தில் அடித்திருக்கிறாள். தடுக்க ஒன்றும் இல்லையே, உள்ளே போய்விட்டது. உன் பைத்தான் நிரல் எண்ணாக மாற்ற முடியாததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது, பூஜ்யம் உள்ளவர்களைப் பட்டியலில் விட்டுவிடுகிறது. எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஆறு பேர் விடுபட்டிருக்கிறார்கள், ஆறு பேரும் கணவரை இழந்தவர்கள்.

0.5 பிழை என்று வந்த அன்றைக்கு நோட்டில் இருந்தது தப்பா, நம் ஸ்கீமா தப்பா என்று நாம் கேட்டிருக்க வேண்டும். ஸ்கீமாதான் தப்பு. தம்பதி ஒரு புள்ளி, தனியாகிவிட்டவர் அரை என்பது நம் பங்காளிகள் எல்லாருக்கும் தெரியும், அதை எழுதியவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குத் திருத்தம் டைப்பை எடுப்பது இல்லை, இன்னின்ன மதிப்புதான் வரலாம் என்று பட்டியல் போடும் எனம் வைத்து 1, 0.5 இரண்டை மட்டும் ஏற்பது. அப்போது "அரை" வந்தால் வாசலிலேயே நிற்கும், நானும் அன்றைக்கே திருத்தியிருப்பேன்.

இன்னொன்று. ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒரு பட்டியல் எழுதிவிட்டால் அதில் உள்ளதெல்லாம் கட்டாயம் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆகாது, தம்பி. அது இருந்தால் இப்படி இருக்கவேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம், இல்லாவிட்டாலும் பாஸ்தான். ரிக்வயர்டு என்று தனியாக எழுதவேண்டும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் தடுக்க, அடிஷனல் ப்ராப்பர்ட்டீஸுக்கு ஃபால்ஸ் என்றும் கொடு. ஒரு வரியில் "புள்ளி" என்பதற்குப் பதில் "புளி" என்று விழுந்திருக்கிறது, அதுவும் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போயிருக்கிறது.

மனைவியின் பிறந்த கோயில் விஷயத்தில் நீ செய்தது எனக்குப் பிடித்தது. இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை நம் நகரத்தார் கோயில் ஒன்பதையும் எனத்தில் வைத்து, மாத்தூர், மாற்றூர் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவதை நிறுத்தினாய். ஆனால் வைரவன்கோயில் மட்டும் சில வரிகளில் பிழை என்றே வருகிறது. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. உன் அப்பச்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது: "கோ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் போடுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான், ஸ்கீமாவுக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய கோப்பில் இரண்டாவது விதம் நிறைய இருக்கிறது. சரிபார்ப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடு, பைத்தானில் அதற்கு யூனிகோடுடேட்டா மாட்யூல் கூடவே வருகிறது. ஸ்கீமாவின் கோப்புக்கும் இதைச் செய்யவேண்டும், மறந்துவிடாதே. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தேன், தமிழில் தரவு வைக்கிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ளவேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

இளையாற்றங்குடிக்கு ஏழு பிரிவு இருக்கிறது, ஒக்கூர், கழனிவாசல் என்று. அந்தக் கோயில் என்றால் பிரிவும் கட்டாயம் என்று, இது இருந்தால் அது வேண்டும் என்று சொல்லும் இஃப், தென் வைத்து எழுதலாம், ஜேசன் ஸ்கீமாவின் ஏழாம் வரைவிலேயே அது வந்துவிட்டது. மாத்தூருக்கும் அப்படித்தான்.

போன் நம்பருக்குப் பத்து இலக்கம் என்று பேட்டர்ன், அதாவது எழுத்து அமைப்பு விதி, வைத்திருக்கிறாய். உன் சிங்கப்பூர் நம்பருக்கு எட்டுத்தான், உன் வரியே நிற்கிறது பார். தொடக்கமும் முடிவும் இதுதான் என்று கட்டும் குறிகளை முன்னும் பின்னும் போடாததால் பன்னிரண்டு இலக்கம் அடித்தாலும் நடுவில் பத்து கிடைத்துவிட்டது என்று விட்டுவிடுகிறது. தேதிக்கு ஃபார்மட் கொடுத்தது போதாது, பிப்ரவரி 30 என்று அடித்துப் பார்த்தேன், ஏற்றுக்கொண்டது. நீ சரிபார்க்க வைத்திருக்கும் பைத்தான் லைப்ரரியில், ஃபார்மட்டைச் சோதிக்கும் ஃபார்மட் செக்கரை நாமாகக் கொடுத்தால்தான் பார்க்கும்.

ஸ்கீமாவால் ஆகாததும் ஒன்று உண்டு. பழைய நோட்டில் கல்யாண வருஷம் "விக்ருதி ஆவணி" என்று மட்டும் இருக்கிறது. விக்ருதி அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும், 1950லும் வந்தது, 2010லும் வந்தது. டைப் அடிக்கிற பெண் 2010 என்று போட்டிருக்கிறாள். எண், நான்கு இலக்கம், எல்லாம் பாஸ். ஆனால் அந்தக் கல்யாண மாப்பிள்ளை உன் ஐயாவோடு பள்ளிக்கூடம் போனவர்! இந்த மாதிரி இடத்தை நான்தான் கண்ணால் பார்க்கவேண்டும். நோட்டில் உள்ளபடி தமிழ் வருஷத்துக்கு ஒரு இடமும், நாம் கணித்த ஆங்கில வருஷத்துக்கு ஒரு இடமும் தனித்தனியாக வை. இரண்டையும் ஒன்றாக்கினால் நாளைக்கு யார் எதைக் கணித்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியாக, பிழை வந்தால் ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடாமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லும்படி செய்து கொடு. நோட்டு எண், பக்க எண் சேர்ந்து வரட்டும். நாற்பதாவது பக்கம், புள்ளி என்ற இடத்தில் எண் இல்லை என்று தமிழில் வந்தால் அந்தப் பெண்ணே திருத்திவிடுவாள், உன்னை எழுப்பவேண்டாம்.

மூன்றாவது நோட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், நீ திருத்தி அனுப்பிய பிறகுதான் தொடுவேன். விடுபட்ட ஆறு வீட்டுக்கும் நேற்றுச் சாயங்காலம் அப்பச்சியும் நானும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். மேல வீட்டு ஆச்சி அப்போதே வரியைக் கொடுத்துவிட்டார்கள். ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அச்சடித்தது வந்ததும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அதில் அரை என்று சரியாக வரவேண்டும்.

ஆத்தா