எங்கள் பிள்ளைகளும் தொட்டுப் பார்த்துத்தான் படித்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், நகரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் செயல்முறைக் கற்றல் மையம் ஒன்றைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சின்னஞ்சிறு பிள்ளைகள் மணி கோர்ப்பதையும் தண்ணீரை அளந்து ஊற்றுவதையும் படங்களில் பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது. அந்த மையத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தொட்டும் செய்தும் படிக்கும் வாய்ப்பு தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு இப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது என்று உங்கள் நிருபர் எழுதிவிட்டாரே, அந்த வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலி கல்வி மையத்தின் கிராமப் பள்ளிகளில் நடந்துவந்த முறையை முன்மாதிரியாக வைத்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்க வந்தது. கட்டுரையில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் பெயர் இருக்கிறது. அந்த அம்மையார் 1939-லேயே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அதற்கும் இடமில்லாமல் போய்விட்டது போலும்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செயல்வழிக் கற்றல் வந்த பிறகு எங்கள் வகுப்பறை எப்படி மாறியது என்று எனக்குத் தெரியும். சுவரைச் சுற்றிக் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும். பிள்ளை தானே வந்து வருகைப் பதிவு போடும். பாடங்களைப் படிப்படியாக, படிக்கொரு சின்னத்தோடு காட்டும் ஏணிப்படி அட்டையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்க்கும். அந்தப் படியின் சின்னம் உள்ள தட்டிலிருந்து தன் பாட அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளையும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்களே என்று அழ வேண்டியதில்லை.

42-லிருந்து 17-ஐக் கழிக்கும்போது பக்கத்தில் கடன் வாங்கு என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தோம்! எதற்கு வாங்குகிறோம் என்று பிள்ளைக்குப் புரிந்ததே இல்லை. பத்துப் பத்துக் குச்சிகளாக ரப்பர் பேண்டு போட்டு நான்கு கட்டு, உதிரியாக இரண்டு குச்சி கையில் கொடுத்தேன். இரண்டிலிருந்து ஏழு எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் முழித்த பெண், தானாகவே ஒரு கட்டைப் பிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவளே பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் செங்கல் சூளையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். கட்டணம் எதுவும் கட்டவில்லை.

அந்தக் காலத்தில் உங்கள் இதழ் எங்களைப் பற்றி என்ன எழுதியது என்பதையும் நான் மறக்கவில்லை. அரசுப் பள்ளியில் பாடம் நடப்பதில்லை, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டை விளையாடுகிறார்கள் என்று எழுதினீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே பெற்றோர் வந்து, "பிள்ளைய பெஞ்சுல உக்கார வைங்க டீச்சர், இல்லன்னா மெட்ரிக்ல சேர்த்துடுவோம்" என்றார்கள். சேர்த்தும் விட்டார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. 60 பேர் வரை 2 ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர் என்று ஆனது அப்படித்தான். கிழிந்த அட்டைகளுக்கு மாற்று வரவில்லை. எங்கள் சம்பளத்தில் சார்ட் வாங்கி எழுதி ஒட்டினோம். அன்று தரையில் உட்கார்ந்தது குறை. இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார வைத்தால் புதுமை என்கிறீர்கள். இதை எழுதும்போதே மனம் வலிக்கிறது.

இப்போதும் ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கு ஏற்பப் பயிற்சி நூல்கள் இருக்கின்றன. வகுப்பறையில் கதைக்கு, பாட்டுக்கு, பொம்மலாட்டத்துக்கு என்று தனித்தனிக் களங்கள் அமைக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த பெண்கள் பழைய துணியில் பொம்மை தைத்து வைத்துக்கொண்டு, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க நேரமில்லாமல், மதிப்பீட்டைச் செல்போனில் பதிவேற்ற நெட்வொர்க் தேடி வாசலில் நிற்கிறார்கள். உங்கள் நிருபர் எழுத வேண்டியது இதையல்லவா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே நிருபரை ஏதாவது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்புங்கள். விழா நாளிலோ அதிகாரிகள் வரும் நாளிலோ வேண்டாம், சாதாரண வேலை நாளில் காலை வேளையில் போகட்டும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மதிய உணவு மணி அடிக்கும் வரை பாயில் உட்கார்ந்திருந்து, பார்த்ததை எழுதட்டும். அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். முதன்முதலாக என்ற அந்த வார்த்தைக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.