மொட்டை மாடியில் கான்கிரீட் போட விடாதே, அக்கா

ஜார்ஜ் டவுன், பினாங்கு
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன்பு எழுதியதற்கும் நான் பதில் போடவில்லை. உனக்குக் கோபம் இருக்கும். வேலை அதிகம், வேறொன்றுமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தாய். பெயரே நம் ஊர்ப் பெயர்தான். அங்கே சென்னையிலும் ஜார்ஜ் டவுன், இங்கேயும் ஜார்ஜ் டவுன். அங்கே ஆர்மீனியன் தெரு நம் ஜனங்கள் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. இங்கேயும் ஓர் ஆர்மீனியன் தெரு உண்டு. நம் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியர் கோயில் மணியோடு நிற்கிறது. இங்கே பெயர் மட்டும்தான் மிச்சம். அந்தத் தெருவின் 120-ஆம் எண் வீட்டில்தான் 1910-ல் சீனத் தலைவர் சன் யாட் சென் ஆட்களைக் கூட்டிப் புரட்சிக்குத் திட்டம் போட்டார். சூலியா தெருவில் நாகூர் தர்கா, குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில். காலையில் அந்தப் பக்கம் போனால் தம்புச்செட்டித் தெருவில் நடப்பது போலவே இருக்கும்.

இங்குள்ள வீடுகள் முன்பக்கம் இருபது அடி இருந்தாலே அதிகம். உள்ளே போனால் நூறு அடிக்கு மேல் நீளும். நடுவில் நம் முற்றம் மாதிரி வானம் பார்த்த இடம். வாசலில் ஐந்தடி அகல நடை, மேலே மாடி. மழையில் நனையாமல் தெருக்கோடி வரை போகலாம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ல் போனதும் வாடகை ஏறி, தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் பலர் காலி செய்துவிட்டார்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு வந்தவை பெரும்பாலும் விடுதிகளும் காப்பிக் கடைகளும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மட்டும் அசையவில்லை. விடியற்காலை அந்த ஐந்தடியைக் கழுவிவிட்டு, என் வாசலையும் சேர்த்துக் கழுவுவாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஒருநாள் நான் எழுந்திருக்கத் தாமதமானால் கதவைத் தட்டிப் பார்க்கிறாள். ஆகையால் நான் தனியாக இருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது நம் வீட்டு விஷயம். கூடத்துக்கு மேலே ஒழுகுகிறது, மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டால் தீர்ந்தது என்று மேஸ்திரி சொல்கிறார், மாமா அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல், அக்கா. பத்துக்குப் பத்து இடத்தில் மூன்று அங்குலக் கான்கிரீட் ஒன்றே முக்கால் டன் கனக்கும். நம் கூடம் அதைப் போல மூன்று மடங்கு. கீழே தாங்குவது நூறு வருஷத்துத் தேக்குக் கட்டைகள். எடையை விடப் பெரிய கேடு ஈரம். சுண்ணாம்புத் தளம் மழையில் உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் மூடி போட்டால் ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே கட்டைக்கு இறங்கும். சுவருக்குள் நுழைந்திருக்கும் கட்டை முனைதான் முதலில் உளுத்துப்போகும், பிறகு கரையான். இங்கே முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் சுவர்களுக்கு சிமெண்ட் பூசியவர்கள் இப்போது கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே உப்புப் பூத்துச் செங்கல் மாவாக உதிர்கிறது.

நம் மாடி மெட்ராஸ் டெரஸ். நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக, குறுக்குச் சாய்வில், சுண்ணாம்புக் காரையில் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடு. ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் தட்டோட்டு இடுக்கு விட்டிருப்பது, தண்ணீர் போகும் துளை அடைத்திருப்பது, கைப்பிடிச் சுவரோரம் அரசங்கன்று வேர் இறங்கியிருப்பது. இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்.

ஐப்பசி மழை தலைமேல் நிற்கிறது, பெரிய வேலை இப்போது கூடாது. துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அரசங்கன்றை வேரோடு எடுங்கள், மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இடுக்குகளைச் சுரண்டி, சலித்த சுண்ணாம்பில் செங்கல் தூள் குழைத்து அடையுங்கள். கட்டை முனை ஒவ்வொன்றையும் கீழிருந்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கட்டைக்கு உடனே சவுக்குக் கம்பம் முட்டுக் கொடுக்க வேண்டும், அதன் கீழே யாரும் படுக்கக் கூடாது. குறிப்பாக அம்மா கட்டில்.

தை பிறந்ததும் முழு வேலையை எடுக்கலாம். சுண்ணாம்பை இரண்டு வாரமாவது குழியில் நீர்த்து வைக்க வேண்டும். நன்றாக வெந்த செங்கல் ஜல்லி, முக்கால் அங்குலம், 32 பங்கு. நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் சேர்க்கக் கூடாது. மூன்று அங்குலம் பரப்பி, பத்தடிக்கு மூன்று அங்குலம் சாய்வு விட்டு, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்ட வேண்டும். கட்டை பட்டால் தடம் விழாமல் எகிறும் வரைக்கும் நாள்கணக்கில் தட்டணும். இந்த இடத்தில்தான் மேஸ்திரிகள் கூலியை மிச்சம் பிடிப்பார்கள். தட்டுவது குறைந்தால் உள்ளே பொத்தலாக நின்று அடுத்த மழைக்கே ஒழுகும். பிறகு தட்டோடு, மூட்டு மேல் மூட்டு வராமல். அதற்கப்புறம் பத்து நாள் ஈரச்சாக்கு.

பணத்துக்கு என் பங்கு உண்டு. இந்த மாதம் கொஞ்சம் தள்ளிப்போகும், இங்கே கணக்கு முடிக்கத் தாமதம், அவ்வளவுதான். தைக்குள் சேர்த்துவிடுவேன்.

இங்கே நாசி கண்டார் என்று சோற்றின் மேல் நாலைந்து குழம்பு ஊற்றித் தருகிறார்கள். அந்நாளில் தோளில் தண்டு போட்டு இதைச் சுமந்து விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். ருசிதான். ஆனால் நேற்று மழையில் நின்று சாப்பிடும்போது பர்மா பஜாரில் விற்கும் அத்தோ நூடுல்ஸின் பூண்டு வாசம் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது, அதற்குமேல் இறங்கவில்லை. நம் பின்கட்டில் குடியிருந்த ரங்கூன் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. முன்கட்டில் அச்சுக்கோப்பவர் வீட்டுக் குழந்தைகள், ரேழியில் தாத்தாவின் கணக்குப்பெட்டி. பவழக்காரத் தெருவில் பவழம் விற்ற யூதர்கள் இருந்தார்கள் என்று தெருப்பெயர் சொல்கிறது. நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல அம்மா ஒருத்திதான் பாக்கி. கண் ஆபரேஷன் முடிந்து வந்ததும், எந்த அறையில் யார், எந்த வருஷம் என்று உட்கார்ந்து எழுதிக்கொள்.

சித்தப்பா பாகத்தை குடோனுக்கு விடும் பேச்சு எதுவரை வந்திருக்கிறது? பத்திர நகலை மாமாவிடம் சொல்லி எடுத்து வை. கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு எழுது.

உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே, அதை மேஸ்திரி கழற்றப் பார்ப்பார். விடாதே.

தம்பி