"கீகல் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்: பெண்நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இருமினால், தும்மினால், ஏன், சிரித்தால்கூடச் சிறுநீர் கசிகிறது என்று சொல்ல மாதவிடாய் நின்ற பெண்கள் பலர் வருடக்கணக்கில் தயங்குகிறார்கள். கடைசியில் வாய் திறந்தால், "வயசானா அப்படித்தான், கீகல் பயிற்சி பண்ணுங்க" என்ற ஒற்றை வரியோடு சந்திப்பு முடிந்துவிடுகிறது.

வயதின் பங்கு உண்மைதான். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள திசுக்கள் மெலிகின்றன. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குபவை இடுப்புத் தளத் தசைகள்; பிரசவத்தில் தளர்ந்த அவையும் வலுவிழக்கின்றன. ஆனால் தசை தசைதானே, அறுபதுக்கு மேலும் பயிற்சிக்கு இணங்கும்.

இந்தத் தசைகளைச் சுருக்கி மேலே இழுத்துப் பிறகு தளர்த்துவதுதான் கீகல் பயிற்சி. சிக்கல் "பண்ணுங்க" என்பதில். என்னிடம் வருபவர்களில் சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை இறுக்குகிறார்கள், சிலர் பிட்டத்தை. இன்னும் சிலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள். இப்படி முக்குவது கசிவைக் கூட்டக்கூடும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுபவர்களும் உண்டு. அது பயிற்சியே அல்ல. கீகல் பயிற்சியைப் பற்றி 1948-இல் எழுதிய அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் அர்னால்ட் கீகல், தசை சுருங்கும் அழுத்தத்தைக் கருவி வைத்தே அளந்தார். அவர் பெயரை வைத்துக்கொண்டோம், அளந்து பார்ப்பதை விட்டுவிட்டோம்!

அதனால், நோயாளியின் சம்மதத்தோடு விரலால் பரிசோதித்து, தசை சரியாகச் சுருங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் பிசியோதெரபிக்கு அனுப்புங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கங்கள், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம், அதுவும் மேற்பார்வையோடு என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல். இருமுவதற்கு ஒரு நொடி முன்பே தசையை இறுக்கவும் நாங்கள் கற்றுத்தருவோம். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து கசிபவர்களுக்கு, கழிப்பறைக்குப் போகும் இடைவெளியை மெல்ல நீட்டும் பயிற்சியும் வேண்டும்.

ஆளுக்கு ஆள் நேரம் ஒதுக்க முடியாது என்பீர்கள். சரி, குழுவாகக் கற்றுத்தரலாமே. கனடாவில் 60 வயதும் அதற்கு மேலுமான 362 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. எல்லோருக்கும் முதலில் தனித்தனியாகச் சுருக்கம் கற்றுத்தந்து, பிறகு 12 வாரப் பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தனியாகப் பயின்றவர்களுக்குக் கசிவு 70 சதவீதம் குறைந்திருந்தது. எட்டு எட்டுப் பேராகப் பயின்றவர்களுக்கு 74 சதவீதம். எட்டுப் பேருக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஓர் அறை, சில பாய்கள்: உங்கள் மருத்துவமனையில் இதற்கு இடமில்லையா?

மூன்று மாதம் கழித்து வர வேண்டிய தேதியை முதல் நாளே சீட்டில் எழுதிக் கொடுங்கள். குறையவில்லை என்றால் அறுவை சிகிச்சை பற்றி அன்றைக்குப் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்