ஜான்சன் மோட்டாரை அடையாளம் காட்டிய அண்ணனுக்கு நன்றி

நிபோங் திபால் கடையில் நின்ற அண்ணே, பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

கிரியான் ஆற்றில் அப்பா படகில் மாட்டி ஓட்டிய 15 குதிரைத்திறன் ஜான்சன் மோட்டார். எஞ்சினைக் குளிர்வித்து வெளியே வரும் தண்ணீர் பீய்ச்சுவது நின்று சூடேறியது. மோட்டாரைப் படகில் பொருத்தும் பிராக்கெட்டின் தகட்டில் எழுத்தே இல்லை, “என்ன மாடல்?” என்று கேட்டே மூன்று கடைகளில் அனுப்பிவிட்டார்கள். நீங்கள்தான் மூடியைக் கழற்றி, எஞ்சின் பிளாக்கில் காசு அளவு வட்ட அடைப்பைத் துடைத்து, அதில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினீர்கள். 1980 முதல் வந்தவற்றில் ஆண்டை எழுத்தால் குறித்தார்களாம்: எங்களுடையதில் சி, ஓ; சி என்றால் 8, ஓ என்றால் 5. ஆக, 1985! ஜான்சனின் கூட்டு பிராண்டான எவின்ரூடுக்கும் பெரும்பாலும் அதே சாமான்தான் என்றீர்கள். தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் அப்படித்தான் கிடைத்தது.

நேற்று மாலை தண்ணீர் பீய்ச்சியதும் அப்பா அதில் கையை நீட்டி, வெகுநேரம் எடுக்கவே இல்லை. ரொம்ப நன்றி, அண்ணே.